இல்லத்தில் வளரும் பிள்ளையும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான்



ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிடமும் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். உங்கள் தோட்டத்தைச் சேர்ந்த எத்தனை பிள்ளைகள் இப்போது சிறுவர் இல்லங்களில் இருக்கிறார்கள்?

கொழுந்து நிறுக்கும் இடத்தில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று கமிட்டித் தலைவருக்குத் தெரியும். ஓய்வு பெற்றவர்களில் யார் யாருக்குச் சேவைக்காலப் பணம் இன்னும் வரவில்லை என்று தெரியும். போன மழைக்கு எந்த லயத்தில் கூரைத் தகரம் பறந்தது என்றும் தெரியும். ஆனால் இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், "அப்படி யாரும் இல்லையே டீச்சர்" என்பதுதான் முதலில் வரும் பதில். இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றாக வரும். மேல் லயத்தில் இறந்துபோன அக்காவின் இரண்டு பையன்கள், தாய் வெளிநாடு போனதும் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு பெண் பிள்ளை, தகப்பன் சிறைக்குப் போன வீட்டின் மூன்று பிள்ளைகள். ஒரே டிவிஷனில் ஐந்து, ஆறு என்று கணக்கு ஏறும்.

இந்தப் பிள்ளைகளின் பெயர் பாடசாலை இடாப்பிலிருந்து வெட்டப்பட்டு விட்டது. குடும்பத்தில் வேலை செய்பவர் இல்லாததால் செக்ரோலிலும் அந்த வீட்டுப் பெயர் இல்லை. சந்தா கட்டுபவர் இல்லாததால் சங்கப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் 18 வயதானதும் இவர்களில் பலர் திரும்பி வருவது எங்கள் தோட்டங்களுக்குத்தான். அந்த நேரத்தில் அவர்களை வரவேற்க யார் இருக்கிறார்கள்? சம்பளத்துக்கும் வீட்டுக்கும் காணிக்கும் போராடும் நாங்கள் இதையும் எங்கள் வேலையாக எடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

பெற்றோர் உள்ள பிள்ளைகள்

இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோரும் "அனாதைப் பிள்ளைகள்" என்று பொதுவாகப் பேசுகிறோம். அது சரியல்ல. 2005இல் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்புக்காக ஹரிணி அமரசூரிய இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து இலங்கையின் சிறுவர் இல்லங்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்தார். இல்லங்களில் இருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருப்பதையும், அவர்கள் அங்கே போய்ச் சேர்வதற்கு வறுமை ஒரு முக்கிய காரணம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஹரிணி அமரசூரிய 2024இல் நாட்டின் பிரதமரானார். ஆகவே கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த விடயம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

தோட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. ஆனால் மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, எத்தனை நாள் அரைப்பேர் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் வீட்டுக்கு வரும் காசு. தகப்பன் இறந்து தாய் தனியாகக் கொழுந்து எடுக்கும் வீட்டில் ஒரு வருத்தம் வந்தால் கடன், அடுத்த வருத்தத்துக்கு நகை அடகு. தாய் வெளிநாட்டுக்குப் போகிறாள். பாட்டிக்குப் பார்வை குறைவு. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "பிள்ளையை நல்ல இடத்தில் சேர்த்து விடுகிறேன், சாப்பாடு, உடுப்பு, இங்கிலிஷ் எல்லாம் இலவசம்" என்கிறார். பிள்ளை நன்றாக இருந்தால் போதும் என்று பாட்டி தலையாட்டுகிறார்.

அந்தத் தாயையோ பாட்டியையோ நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படிப் போகும் பிள்ளைக்கும், சட்டப்படி போகும் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதை எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் சொல்லும் வழி

1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது நீதிமன்றம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டு நிலைமையைப் பார்த்து நீதவானுக்கு அறிக்கை கொடுக்கிறார். பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புவது மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். பெற்றோரிடமே விட்டு உத்தியோகத்தர் கண்காணிக்கலாம். பெரியம்மா, சித்தப்பா, பாட்டி போன்ற உறவினரிடம் ஒப்படைக்கலாம். உறவினர் அல்லாத தகுதியான ஒருவரிடமும் ஒப்படைக்கலாம்.

பிள்ளைகளை இப்படி வெளியில் பராமரிப்பது பற்றி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் வழிகாட்டிகளை ஏற்றுக்கொண்டது. வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, அந்தக் குடும்பத்துக்கு உதவி செய்ய வேண்டும் என்பதே அந்த வாதத்தில் அவை சொல்வது. இலங்கையிலும் பிள்ளைகளின் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை 2019இல் வந்தது. குடும்பத்துக்கு முதலிடம், இல்லம் கடைசி வழி என்பதுதான் அதன் போக்கு.

ஆகவே யாராவது உங்கள் தோட்டத்துப் பிள்ளையை "சேர்த்து விடுகிறேன்" என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தருக்கு இது தெரியுமா? நீதிமன்றக் கட்டளை இருக்கிறதா? அந்த இல்லம் மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டதா? ஒரு கேள்விக்காவது பதில் இல்லை என்றால் பிள்ளையை அனுப்ப வேண்டாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடம் போங்கள். அவசரமென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

கட்டளையோடு போன பிள்ளைக்கு ஒரு கோவை இருக்கும். அதில் பெற்றோர் பெயர், தோட்டத்தின் பெயர், ஏன் அனுப்பப்பட்டது என்ற விபரம் இருக்கும். பத்து வருடம் கழித்தும் அந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தது என்று தேட முடியும். கடிதமோ கட்டளையோ இல்லாமல் போன பிள்ளைக்கு அந்தக் கயிறும் இல்லை.

18 வயதில் என்ன நடக்கிறது?

18 வயது நிறைந்தால் இல்லத்தின் பொறுப்பு முடிகிறது. நல்ல மனம் உள்ள இல்லப் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். உயர்தரம் முடியும் வரை வைத்துக்கொள்பவர்களை நானே கண்டிருக்கிறேன். ஆனால் அது அவரவர் மனதைப் பொறுத்தது. ஒருநாள் ஒரு பையும் சில சான்றிதழ்களும் கையில் கொடுக்கப்பட்டு அந்தப் பிள்ளை வெளியே வருகிறது.

கிராமத்துப் பிள்ளை என்றால் சில வேளை தாத்தாவின் காணித்துண்டு ஒன்றாவது இருக்கும். உடைந்த வீடானாலும் அது குடும்பத்தின் வீடு. எங்கள் பிள்ளைக்கு அதுவும் இல்லை. லயத்துக் காம்பரா வேலையோடு கட்டப்பட்டது. தாய் இறந்தால், தகப்பன் தோட்டத்தை விட்டுப் போனால், அந்தக் காம்பராவில் வேறொரு குடும்பம் குடியேறி விடும். அந்தக் குடும்பத்தையும் குறை சொல்ல முடியாது, அவர்களும் பத்துப் பேர் ஒரே காம்பராவில் இருந்தவர்கள்தான். இல்லத்திலிருந்து திரும்பும் பிள்ளைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது.

நான் அறிந்த ஒரு இளைஞரின் கதையைச் சொல்கிறேன். எட்டு வயதில் வேறு மாவட்டத்து இல்லம் ஒன்றுக்குப் போனவர். அம்மா கொழுந்து எடுத்தவர், மஞ்சள் காமாலையில் இறந்து போனார். அப்பா அதற்கு முன்பே காணாமல் போய் விட்டார். 18 வயது முடிந்து தோட்டத்துக்கு வந்தபோது அம்மாவின் காம்பரா இல்லை. மாரியம்மன் கோவில் சமையல் அறையில் படுத்துக்கொண்டார். தோட்டத்தில் வேலை கேட்டபோது ஆபிஸில் அடையாள அட்டை கேட்டார்கள். அட்டை இல்லை. அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழும் வசிப்பிட உறுதியும் வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராம உத்தியோகத்தர், "நீர் பத்து வருடமாக இங்கே இல்லையே" என்றார். இல்லம் இருந்த பக்கத்துக் கிராம உத்தியோகத்தர், "நீர் இங்கேயிருந்து போய்விட்டீரே" என்றார். இரண்டு பேர் சொன்னதும் அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் சரி. ஆனால் அந்தப் பையன் இந்த நாட்டில் எங்கேயுமே வசிக்காதவர் போல ஆகி விட்டார்.

அட்டை எடுக்க ஐந்து மாதம் ஆனது. அதற்குள் பஸ் செலவுக்கே ஒரு கடைக்காரரிடம் கடன் வாங்கியிருந்தார். பிறப்புச் சான்றிதழைத் தேடும்போதுதான் அம்மாவின் மரணச் சான்றிதழ் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மாவட்டக் காரியாலயத் தோழர் ஒருவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது: "அம்மாவின் ஈ.பி.எப். யார் எடுத்தது?" யாரும் எடுக்கவில்லை. சேவைக்காலப் பணத்தையும் யாரும் கேட்கவில்லை. பத்து வருடமாக அந்தப் பிள்ளை இலவசச் சாப்பாட்டில் வளர்ந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருடைய தாய் உழைத்துச் சேர்த்த காசு அத்தனை காலமும் அவருக்காகக் காத்திருந்தது.

தோழர்களே, நன்னடத்தை உத்தியோகத்தர் இந்தக் கேள்வியைக் கேட்பது கடினம், இல்லப் பொறுப்பாளரும் கேட்க மாட்டார். அவர்களுக்கு செக்ரோலும் தெரியாது, சேவைக் கணக்கும் தெரியாது. தொழிற்சங்கத்துக்குத்தான் அது தெரியும். இந்த வேலை ஏன் எங்களுடையது என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்.

கையில் இருக்க வேண்டிய நான்கு

இல்லத்தை விட்டு வரும் ஒவ்வொரு மலையகப் பிள்ளைக்கும் நான்கு விடயங்கள் தயாராக இருக்க வேண்டும்.

முதலாவது, பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால், அல்லது பிறப்பே பதியப்படவில்லை என்றால், பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவு செய்யலாம். பிள்ளைக்கு 10 வயதாக இருக்கும்போது இதைச் செய்வது சுலபம், மருத்துவமாதுவின் பதிவும் பாடசாலை இடாப்பும் இருக்கும், பார்த்தவர்கள் உயிருடன் இருப்பார்கள். 18 வயதில் செய்வது கஷ்டம். தேசிய அடையாள அட்டை 15 வயதிலேயே எடுக்கலாம். பாடசாலையில் படிக்கும் பிள்ளை அதிபர் ஊடாக விண்ணப்பிக்கும். 18 வயதில் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட ஆபிஸுக்கும் இடையில் அலைவதற்குப் பதிலாக, இல்லத்தில் இருக்கும்போதே இது முடிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பெற்றோருக்குச் சேர வேண்டிய பணம். ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, கம்பனியிடமிருந்து நூற்றுக்கு 12 சேர்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு கம்பனி நூற்றுக்கு 3 கட்டுகிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம் உண்டு, அவர் இறந்தால் அது வாரிசுகளுக்குப் போகும். ஒரு தாய் 20 வருடம் வேலை செய்து இறந்தார் என்று வைப்போம். 280 நாட் சம்பளம். கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபா என்றால் அது 378,000 ரூபா. ஈ.பி.எப்., ஈ.டி.எப். இதற்கு மேல். இல்லத்திலிருந்து பையோடு வரும் ஒரு பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஈ.பி.எப். பத்திரத்தில் யாரை நாமினியாகப் போட்டிருக்கிறீர்கள்? கல்யாணத்துக்கு முன்பு போட்ட பெயர் இன்னும் அப்படியே இருந்தால், அதைத் தோட்ட ஆபிஸில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தங்க ஓர் இடமும் செய்ய ஒரு தொழிலும். தொழிற்பயிற்சி அதிகார சபையும், தேசிய பயிலுநர் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் நடத்தும் பயிற்சிகளில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். ஆனால் பயிற்சி நடக்கும் ஆறு மாதமோ ஒரு வருடமோ எங்கே தங்குவது, பஸ்ஸுக்கு யார் காசு கொடுப்பது? இதற்குப் பதில் இல்லாததால்தான் பையன்கள் கொழும்புக் கடைகளுக்கும், பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். சில பெண் பிள்ளைகளுக்கு ஒரு கூரை கிடைத்தால் போதும் என்று அவசரக் கல்யாணம் நடக்கிறது. அந்தக் கல்யாணம் உடைந்தால் அடுத்த தலைமுறைப் பிள்ளையும் இல்லத்துக்கே போகிறது.

நான்காவது, ஓர் ஆள். வருத்தம் வந்தால் சொல்ல, வேலைத்தலத்தில் சம்பளம் கொடுக்காவிட்டால் கேட்க, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் "வா" என்று கூப்பிட ஒருவர். இல்லத்தை விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும், முடிந்த இடமெல்லாம், தனித்து நிற்க உதவும் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அந்த 2009ஆம் ஆண்டு வழிகாட்டிகளும் சொல்கின்றன. எங்கள் தேயிலையைக் குடிக்கும் இங்கிலாந்தில் இதற்கென்று 2000இல் சட்டம் வந்தது. பராமரிப்பிலிருந்து வரும் இளைஞருக்கு ஒரு தனி ஆலோசகர் அங்கே உண்டு, 2017இல் கொண்டுவந்த சட்டம் அந்த உதவியை 25 வயது வரை நீட்டியது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 18 வயதில் வெளியேறுபவருக்குப் பண உதவி வழங்க இடம் தருகிறது. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 18 வயதோடு பொறுப்பு முடிவதில்லை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதியிருந்தால் கேட்கலாம்.

அரசாங்கம் செய்ததும் செய்யாததும்

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இல்லங்களில் வாழும் பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபா கொடுப்பனவு அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி பிள்ளையின் பெயரில் சேமிப்பாகும். இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கு வீடமைப்பு உதவியும் பேசப்பட்டது. இதை நாங்கள் வரவேற்க வேண்டும். இப்படி ஒரு பிரிவு மக்கள் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டதே ஒரு முன்னேற்றம்.

ஆனால் எங்கள் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

வீடு கட்டக் காசு கொடுத்தால் எந்த நிலத்தில் கட்டுவது? தோட்டத்தில் நிலம் எங்கள் பெயரில் இல்லை. 7 பேர்ச் காணி என்று பேசத் தொடங்கி எத்தனை வருடமாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வீடமைப்புப் பட்டியல் போடும்போது லயத்தில் இப்போது குடியிருக்கும் குடும்பங்களைத்தான் எண்ணுகிறார்கள். இல்லத்தில் வளரும் பிள்ளையின் பெயரை அந்தப் பட்டியலில் யார் சேர்ப்பது? அந்தப் பிள்ளையின் தாயும் பாட்டியும் இதே மலையில் உழைத்தவர்கள்தானே?

அடுத்த கேள்வி, இல்லத்துக்குப் போன பிறகு பிள்ளைக்குக் கொடுக்கும் காசை, போவதற்கு முன்பு பாட்டிக்குக் கொடுத்தால் என்ன? நீதிமன்றம் ஒரு பிள்ளையைப் பெரியம்மாவிடம் ஒப்படைக்கிறது. பெரியம்மாவுக்கு ஏற்கனவே மூன்று பிள்ளைகள். அஸ்வெசும கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நன்னடத்தைத் திணைக்களத்தின் 'செவன சரண' போன்ற அனுசரணைத் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றி லயத்தில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கும் இல்லத்தில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்கும் அளவு உதவி கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைத்தால் பல பிள்ளைகள் லயத்தை விட்டே போகத் தேவையில்லை.

"இல்லம்தானே நல்லது?"

இப்படிக் கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. லயத்தில் குடியும் சண்டையும் இருக்கும்போது, இல்லத்தில் மூன்று வேளைச் சாப்பாடும் படிக்க ஒரு மேசையும் இருக்கிறது. அடி, பாலியல் துன்புறுத்தல் போன்றவற்றிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் இல்லம் உயிர் காக்கும் இடம். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. அங்கிருந்து படித்து ஆசிரியராகவும் தாதியாகவும் ஆனவர்கள் உண்டு.

ஆனால் மேசையும் சாப்பாடும் இல்லாததற்காக ஒரு பிள்ளை தாயையும், கூடப் பிறந்தவர்களையும், சில வேளை தாய்மொழியையும் இழக்க வேண்டுமா? அண்ணன் ஒரு இல்லத்தில், தங்கை இன்னொரு இல்லத்தில் என்று பிரிந்து, பத்து வருடம் கழித்து ஒருவரை ஒருவர் தெரியாமல் நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன். சிங்கள மொழி இல்லம் ஒன்றில் வளர்ந்து, பாட்டியோடு பேச முடியாமல் அழுத பிள்ளையையும் கண்டிருக்கிறேன். சாப்பாடும் மேசையும் தோட்டத்திலேயே கிடைக்கச் செய்யலாம். பிள்ளைக்காம்பராவை நல்லபடியாக நடத்துவதும், மாலை வகுப்பு வைப்பதும், குடிப்பழக்கத்தை எதிர்த்து மாதர் அணி நிற்பதும் எங்களால் முடிந்தவை. இழந்த பத்து வருடத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

"சங்கத்தின் வேலை சம்பளம், இது சமூக சேவை" என்று சில தோழர்கள் சொல்வார்கள். சம்பளம் எதற்காக? எங்கள் பிள்ளைகளை எங்களோடு வைத்து வளர்க்கத்தானே? சம்பளம் போதாததால் வீட்டை விட்டுப் போன பிள்ளை, அந்தச் சம்பளப் போராட்டத்தின் ஒரு பகுதி. உறுப்பினர் இறந்த பிறகு அவருடைய பிள்ளைக்கு அவருடைய ஈ.பி.எப். கிடைக்காவிட்டால், அது தொழிற்சங்கம் தீர்க்க வேண்டிய பிணக்குத்தான்.

கமிட்டிகள் செய்ய வேண்டியது

பெரிய செலவில்லாமல் உடனே தொடங்கக்கூடிய வேலைகள் இவை.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி திறக்கட்டும். தோட்டத்திலிருந்து இல்லங்களுக்குப் போன பிள்ளைகளின் பெயர், வயது, பெற்றோர் பெயர், எந்த இல்லம், நீதிமன்றக் கட்டளை உண்டா, பிறப்புச் சான்றிதழ் உண்டா என்று எழுதுங்கள். இந்தக் கொப்பி தலைவரிடமும் மாதர் அணித் தலைவியிடமும் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளின் வீட்டுக் கதை பெரட்டுக்களத்தில் பேசப்படக் கூடாது.

தாய் அல்லது தகப்பன் இறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈ.பி.எப்., ஈ.டி.எப்., சேவைக்காலப் பணம் எடுக்கப்பட்டதா என்று மாவட்டக் காரியாலயம் பார்க்கட்டும். எடுக்கப்படாவிட்டால் தொழில் அலுவலகத்துக்கு இப்போதே எழுதட்டும். பிள்ளைக்கு 18 வயதாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தோட்டத்தில் ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். உறவினராக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மாதர் அணியில் ஒருவர். நன்னடத்தை உத்தியோகத்தரின் அனுமதியோடு வருடத்தில் இரண்டு முறையாவது போய்ப் பார்க்கட்டும். விடுமுறைக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கட்டும். 15 வயதானதும் அடையாள அட்டை பற்றியும், 17 வயதானதும் எங்கே தங்குவது, என்ன படிப்பது என்பது பற்றியும் அந்த உத்தியோகத்தரோடு உட்கார்ந்து பேசட்டும்.

தோட்ட நிர்வாகத்திடம் ஒன்று கேட்போம். பெற்றோர் இறந்த பிள்ளை இல்லத்தில் இருந்தால், அதன் குடும்பப் பெயர் வீடமைப்புப் பட்டியலில் இருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் போகும்போது, பிள்ளை இந்தத் தோட்டத்தைச் சேர்ந்தது என்று உறுதி செய்யும் கடிதத்தை துரை கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் கம்பனிக்கு ஒரு சதமும் செலவில்லை.

மாகாணத் திணைக்களங்களிடம் எங்கள் தலைமைப்பீடம் கேட்க வேண்டியவை இரண்டு. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் மாகாண சபைகளின் கீழ் வருகின்றன. ஆகவே மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் போதிய அளவில் வேண்டும், பாட்டியின் வாக்குமூலத்தை அவருடைய மொழியில் எழுத ஒருவர் வேண்டும். அதோடு, இல்லத்தை விட்டு வருபவருக்கு 21 வயது வரையாவது தங்குமிடமும் பயிற்சிக் கொடுப்பனவும் ஒரு பொறுப்பு உத்தியோகத்தரும் சட்டப்படி கிடைக்க வேண்டும்.

கடைசியாக, இதை வாசிக்கும் இல்லப் பிள்ளைகளுக்கும், அங்கிருந்து வந்த தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அம்மாவும் அப்பாவும் எங்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்களாக இருக்கலாம், வேறு சங்கத்துக்குக் கட்டியிருக்கலாம், எதற்கும் கட்டாமலும் இருக்கலாம். அது எங்களுக்குக் கணக்கில்லை. பத்திரம் இல்லையென்றாலும், பெற்றோரின் தோட்டப் பெயர் மட்டும் தெரிந்திருந்தாலும், அருகிலுள்ள எங்கள் மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். பெற்றோர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வைத்துத் தேடத் தொடங்குவோம்.

கமிட்டித் தோழர்களே, அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகப் போடுங்கள். கொப்பியில் முதல் பெயரை எழுதியதும் மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள்.